வைட்டமின் டி குறைந்தால் அடிக்கடி சளி, காய்ச்சல் வருமா? மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: டாக்டர், மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 (ng/mL) என்று வந்திருக்கிறது. அதுதான் காரணமா?

பதில்: 20க்குக் கீழே போனாலே குறைபாடுதான். கிருமியை முதலில் எதிர்கொள்ளும் செல்கள் கதெலிசிடின் என்று கிருமியைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரக்கின்றன, அதற்கு வைட்டமின் டி தேவை, அதனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குப் போகும் குழந்தை, தூக்கக் குறைவு, அலர்ஜி என்று சளிக்கு வேறு காரணங்களும் உண்டு. எப்படியும் 11ஐச் சரிசெய்யுங்கள், எலும்புக்காகவாவது.

கேள்வி: கொரோனா சமயத்தில் ஆளாளுக்கு வைட்டமின் டி விழுங்கினோமே சார், பலன் இருந்ததா?

பதில்: டி குறைவானவர்களைக் கொரோனா அதிகம் பாதித்தது என்று பல ஆய்வுகள் வந்தன. ஆனால் முதியவர்களுக்கும் உடல் பருமனானவர்களுக்கும் டி ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும், போதாததற்கு நோய் வந்தாலே அளவு இறங்கும், அப்படியிருக்க எதனால் எது என்று எப்படிச் சொல்வது? பிரேசிலில் மருத்துவமனையில் இருந்த சுமார் 240 பேரில் பாதிப் பேருக்கு ஒரே வேளையில் 2 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் ஒரு நாள்கூட முன்னதாக வீடு திரும்பவில்லை. 2017இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் அல்லது வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தவர்களுக்குச் சளி, காய்ச்சல் ஓரளவு குறைந்திருந்தது, அதுவும் 10க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் நன்றாக. பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தப் பலனும் சுருங்கிவிட்டது. குறையை நிரப்புங்கள், கவசம் என்று நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் தினமும் காலை 6 மணிக்கு நடக்கிறேன். எனக்கு எப்படிக் குறையும்?

பதில்: இளவெயிலில் டி உண்டாக்கும் கதிர் அநேகமாக இல்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கை கால் வெளியே தெரிய, சிறிது நேரம் நில்லுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது.

கேள்வி: அப்பா 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்பதற்குப் பதில் தினமும் ஒன்றாக ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டார். இப்போது வாந்தி, மலச்சிக்கல்.

பதில்: இன்றே நிறுத்துங்கள், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இது கொழுப்பில் தங்கும், சிறுநீரில் சட்டென்று வெளியேறாது, ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பமான பேச்சு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் அதையும் கொடுக்காதீர்கள். காலி பாக்கெட்டுகளையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.