தேவாங்கு, கருமந்தி, நாம் – கடிதம்

அன்புள்ள சார்,

தேவாங்கைப் பற்றி நீங்கள் எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். குலசேகரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். ஆனால் தேவாங்கும் மனிதனும் சொந்தம் என்ற வரி வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "ஒரே ஆசாரி செய்த கதவெல்லாம் ஒண்ணுபோலத்தானே டீச்சர் இருக்கும்? கடவுளும் அப்படிச் செய்திருக்கலாம்லா, அதுக்கு எதுக்கு சொந்தம்?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் 98 சதவீதம் ஒற்றுமை என்று சொல்லிப் பார்த்தேன். "இப்ப 85தான்னு யூடியூபில சொல்லுதாங்க" என்றான். குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்ற வழக்கமான கேள்வியும் வந்தது. மறுநாள் அவனுடைய அம்மா வந்து, "பிள்ளைக்கு நம்பிக்கை போயிரக்கூடாது டீச்சர்" என்று கண்கலங்கிவிட்டுப் போனார். அவனுக்கு நான் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள். வெறும் ஒற்றுமை உறவுக்குச் சாட்சியாகாது என்கிறான். அது சரிதான். இந்தத் துறையில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள்.

அவனுக்கான பதில் சதவீதத்தில் இல்லை. ஆனாலும் யூடியூப் கணக்கை முடித்துவிடுவோம். சிம்பன்சியின் மரபணுத் தொகை, அதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகளின் முழு வரிசை, 2005இல் வெளியானது. நம்முடையதோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிந்த பகுதிகளில், எழுத்துக்கு எழுத்து வேறுபாடு 1.23 சதவீதம். பாடநூலில் வரும் 98 அதற்கு முன்பே புழங்கியது; இந்தக் கணக்கு அதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. எழுத்துகள் கூடியும் விடுபட்டும் போன இடங்கள் தனிக் கணக்கு. 2025இல் ஆறு வாலில்லாக் குரங்கினங்களின் மரபணுத் தொகை கிட்டத்தட்ட முழுமையாக வெளிவந்தது. நேருக்கு நேர் வைக்கவே முடியாத பகுதிகளையும் சேர்த்து எண்ணினால் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டும். அந்தப் பகுதிகளில் பெரும்பாலானவை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல இருப்பவை. அவை மனிதனுக்கு மனிதனே மாறும். நேருக்கு நேர் வைக்க முடிந்த பகுதிகளில் நெருக்கத்தின் வரிசை தெளிவாகவே இருக்கிறது: முதலில் சிம்பன்சியும் அதன் நெருங்கிய சொந்தமான போனபோவும், அப்புறம் கொரில்லா, அதற்கப்புறம் ஒராங்குட்டான். வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிடாதீர்கள்.

இனி ஆசாரிக்கு வருவோம். அந்தப் பையனின் கட்சிக்கு வலுச் சேர்க்கும் ஒரு சாட்சி உங்கள் ஊர்க் காட்டிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறைக்கும் கீரிப்பாறைக்கும் மேலே உள்ள சோலைகளில் வாழும் கருமந்தி. நாட்டுக்குரங்கு கையில் கிடைத்ததையெல்லாம் தின்னும். கருமந்திக்கு இலைதான் முதன்மையான சாப்பாடு. இலையைச் செரிப்பது லேசான காரியமில்லை. அதனால் அதன் வயிறு மாட்டு வயிற்றைப்போலப் பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முன்னறையில் பாக்டீரியாக்கள் இலையை நொதிக்கவைக்கின்றன. பிறகு அந்தப் பாக்டீரியாக்களையே உடைத்துச் சத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும். உடைக்கிற வேலையைச் செய்வது லைசோசைம் என்ற நொதி. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிற அதே நொதிதான். அங்கே அது கிருமியைக் கொல்லும் காவலாளி, இங்கே சமையல்காரர்.

கருமந்தியின் நெருங்கிய உறவான அனுமன் மந்தியின் வயிற்று லைசோசைமை எடுத்து, அதன் அமினோ அமில வரிசையை 1987இல் காரோ-பெத் ஸ்டூவர்ட், ஜேம்ஸ் ஷில்லிங், ஆலன் வில்சன் ஆகியோர் படித்தார்கள். அதில் சில இடங்கள் மாட்டின் வயிற்று லைசோசைமில் மாறியதுபோலவே மாறியிருந்தன. மந்தியும் மாடும் அப்படியொன்றும் நெருங்கிய சொந்தமில்லை. அமிலம் நிறைந்த வயிற்றில் இரண்டு இடத்திலும் ஒரே வேலை. வேலைக்கேற்ற மாற்றம் தனித்தனியாக வந்தது. ஆக, பயன்படுகிற ஓர் உறுப்போ புரதமோ இரண்டு உயிர்களில் ஒன்றுபோல இருந்தால், அதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. இதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் பக்கம் இருக்கிற நியாயத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்து வருவதைக் காதுகொடுத்துக் கேட்பான்.

அடுத்து வருவது, பயன்படாமல் போனவை.

வீட்டு ஆடோ நாயோ, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்து ஈறில் ரத்தம் வடிந்து நின்றதை யாரும் பார்த்திருக்க மாட்டோம். அவை தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைச் சர்க்கரையிலிருந்து கல்லீரலிலேயே செய்துகொள்கின்றன. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணுவின் சுருக்கப் பெயர் குலோ. நமக்கு அந்த வசதி கிடையாது. நெல்லிக்காயோ கொய்யாவோ கொல்லாம்பழமோ ஏதாவது உள்ளே போயாக வேண்டும். மாதக்கணக்கில் போகாவிட்டால் பழைய காலத்து மாலுமிகளின் கதிதான்.

கவனிக்க வேண்டியது இதுதான். குலோ மரபணு நம்மிடம் இல்லாமல் போய்விடவில்லை. எட்டாவது குரோமோசோமில் சிதைந்து கிடக்கிறது. எலியிடம் அது பன்னிரண்டு துண்டுகளாக, முழுதாக வேலை செய்கிறது. நம்மிடம் பாதிக்கு மேல் காணோம். மிஞ்சிய துண்டுகளிலும் எழுத்துகள் மாறியும் விடுபட்டும் இருக்கின்றன. இதே சிதைவு சிம்பன்சியிடமும் ஒராங்குட்டானிடமும் இருக்கிறது. மருத்துவாழ்மலை ஏறும்போது கையிலிருக்கிற பையைப் பிடுங்குகிற நம் நாட்டுக்குரங்கின் இனமான மக்காக்குகளிடமும் அப்படியே. பத்தாவது துண்டில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கும் இடம்கூட மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் நான்கிலும் ஒன்றே. உடைந்த பிறகு சேர்ந்த புதுப் பிழைகளோ உறவின் தூரத்துக்கேற்பக் கூடுகின்றன: நமக்கும் சிம்பன்சிக்கும் குறைவு, நமக்கும் மக்காக்குக்கும் அதிகம்.

பையனிடம் அவனுடைய ஆசாரியை வைத்தே கேளுங்கள். நல்ல கதவுகள் ஒன்றுபோல இருந்தால் ஆசாரி ஒருவர் என்று சொல்லலாம். ஆனால் நான்கு வீட்டுக் கதவிலும் தாழ்ப்பாள் ஒரே இடத்தில் முறிந்து, எந்த வேலைக்கும் ஆகாத அதே சிம்பு அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால்? கதவுகள் குட்டிபோடாது. உயிர்கள் போடும். ஒரே ஒரு மூதாதையிடம் ஒருமுறை முறிந்தது, வழிவழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது என்று சொன்னால் எல்லாம் பொருந்திவிடுகிறது. காட்டில் பழமும் தளிரும் தாராளமாகக் கிடைத்த மூதாதைக்கு அந்த முறிவு உறைத்திருக்கவே செய்யாது. அதனால்தான் அது கழிந்துபோகாமல் தங்கியது.

இந்த இடத்தில்தான் தேவாங்கு வருகிறது. காட்டோரத் தோட்டங்களில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் தலையில் லைட் கட்டியிருப்பார்கள். உங்கள் மாணவர்களில் சிலருடைய அப்பா அம்மாவுக்கே அந்த வேலை இருக்கும், கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் கிளைமேல் பட்டதும் இரண்டு கண்கள் தணல்போலச் சிவந்து திருப்பி ஒளிரும், அசையாது. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நமக்கு அது இல்லை, நாட்டுக்குரங்குக்கும் கருமந்திக்கும் இல்லை. தேவாங்கின் மூக்குநுனி நாயின் மூக்கைப்போல ஈரமானது. நம்முடையதும் குரங்குகளுடையதும் உலர்ந்த மூக்கு. கண்ணையும் மூக்கையும் பார்த்து விலங்கியலாளர்கள் முன்பே கோடு கிழித்துவிட்டார்கள்: தேவாங்கும் மடகாஸ்கரின் லெமூர்களும் ஒரு பக்கம், குரங்குகளும் நாமும் மறுபக்கம்.

அப்புறம் குலோவைச் சோதித்தார்கள். தேவாங்கு, லெமூர் வகையறாக்களிடம் அது ஒழுங்காக வேலை செய்தது. குரங்குகளிடமும் நம்மிடமும் செய்யவில்லை. தென்கிழக்காசியாவின் டார்சியர் என்ற குட்டி விலங்கை எந்தப் பக்கம் வைப்பது என்று நெடுநாள் சச்சரவு இருந்தது. பார்க்கத் தேவாங்கின் தம்பிபோல இருக்கும், இரவில்தான் திரியும். ஆனால் அதன் மூக்கு உலர்ந்தது, கண்ணில் அந்தப் படலம் இல்லை. அதனாலும் வைட்டமின் சி செய்ய முடியாது என்று 1987இல் தெரியவந்தது; அது நம் பக்கம். மூக்குக்கும் வைட்டமினுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒன்றையொன்று தெரியாத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்வதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். முதன்முதலில் இதைப் படித்து விளங்கிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நாட்டுக்குரங்கு நம் பாட்டன் இல்லை, பங்காளி. ஏறத்தாழ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வழி பிரிந்தோம். சிம்பன்சியோடு பிரிந்து அறுபது எழுபது லட்சம் ஆண்டுகள் இருக்கும். அவரவர் வழியில் எல்லோரும் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். கருமந்தியின் வயிறு அதற்குச் சாட்சி.

நேரமிருந்தால் குரோமோசோம் கதையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி முழுதாகக் காணாமல் போயிருந்தால் பிழைத்திருக்க முடியாது. அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பும் இருக்க வேண்டும். குரோமோசோமின் நுனியில் மட்டும் வரவேண்டிய எழுத்துவரிசை, நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில் முகத்தோடு முகம் முட்டி நிற்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதிக்கு சென்ட்ரோமியர் என்று பெயர்; வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் அதிலேயே இருக்கிறது.

இனி அந்த அம்மா. அவர் எந்த நம்பிக்கைக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. அவருடைய பயம் உண்மையானது, அதை மதித்துத்தான் பேச வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை குலோ மரபணு தொடுவதில்லை. அது சொல்வது உயிர்கள் எப்படி வந்தன என்பதைத்தான். கத்தோலிக்கராக இருந்தால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இல் தெரிவித்ததைச் சொல்லுங்கள். மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்தவர்களில் முதல் வரிசைக்காரரான தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர். இந்து வீடு என்றால், சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்திக் கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்குக் குரங்கு சொந்தம் என்பது இழிவாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆனால் அம்மா வருத்தப்படுகிறார் என்பதற்காகப் பாடத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு கூர்மையாகக் கேட்கிற பையனுக்கு அரைப் பதில் கொடுப்பது பெரிய அநியாயம்.

அவன் சும்மா விடமாட்டான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு, "கினிப்பன்றியாலும் வைட்டமின் சி செய்ய முடியாதே, அதுவும் நமக்குச் சொந்தமா?" என்று கேட்பான். தயாராகப் போங்கள். கினிப்பன்றியின் குலோவும் சிதைந்ததுதான். ஆனால் அதில் காணாமல் போன துண்டுகள் குறைவு, நம்மிடம் அதிகம்; சிதைந்த விதம் ஒன்றில்லை. அது எலிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் உறவான எலியிடம் குலோ நன்றாகவே இருக்கிறது. கினிப்பன்றியின் வழியில் அது தனியாக, வேறொரு காலத்தில் முறிந்தது. இரண்டு வரிசைகளும் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக் கணினியில் எலி, கினிப்பன்றி, மனிதன், மக்காக் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எது எங்கே விடுபட்டிருக்கிறது என்று அவனையே குறித்துவரச் சொல்லுங்கள். செய்துமுடித்ததும் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.