விக்கலில் தொடங்கிய நரம்பு நோய்: அந்த ஆராய்ச்சியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது

கேள்வி: மூளை, நரம்பு நோய்களில் அழற்சி, நோய் எதிர்ப்பு மண்டலம் என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறதே, இதனால் நோயாளிக்கு நேரடியாக ஏதாவது பலன் உண்டா? என் தங்கைக்குக் கண் நரம்பில் அழற்சி, ‘ஆட்டோஇம்யூன்’ என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி கூடுவதற்கு ஏதாவது கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பொடி, லேகியம், கஷாயம், டிவியில் விளம்பரம் வரும் டானிக், எதுவானாலும் அவளைப் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோய் இல்லை இது. இருக்கிற சக்தி ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே அடிப்பதால் வந்தது.

பலன் உண்டா என்ற கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் எழுதிவிட்டுப் போக முடியாது. எங்கள் மைனி, அதாவது அண்ணன் மனைவி, இன்றைக்கு எழுந்து நடமாடுவதே அந்த ஆராய்ச்சியால்தான். நான் டாக்டர் இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிற டீச்சர். “டீச்சருக்கு எதுக்கு டாக்டர் வேலை” என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்ற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான். மைனி ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கணக்கு எழுதுகிறார். அவருக்கு எல்லாம் விக்கலில்தான் தொடங்கியது. “ஆரோ உன்ன நெனைக்காங்க மக்களே, அவன்தான் அங்க கெடந்து நெனைப்பான்” என்று அம்மா சிரித்தாள். சீனி போட்டுப் பார்த்தாயிற்று, மூச்சைப் பிடித்துத் தண்ணீர் குடித்தாயிற்று. நிற்கவில்லை. தூக்கத்திலும் விக்கல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு வாந்தி. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எண்டோஸ்கோப்பி பார்த்து லேசான புண் என்று கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை மயிலிறகுச் சாம்பலைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். சில வாரத்தில் விக்கல் தானாக நின்றது. எல்லோரும் அதை மறந்தே போனோம்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவருக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று கேட்டால் தெரியவில்லை. வெறுங்காலோடு ஜல்லி கிடக்கிற ரோட்டில் நடந்து வந்திருக்கிறார், உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வருகிறது, வலியே தெரியவில்லை. நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக இருக்கிறது என்றார். குனிந்தால் முதுகுவழியே கரண்ட் அடிக்கிறது என்றார். மறுநாள் காலையில் மூத்திரம் போகவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்த வைத்தியத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் அப்பா வழித் தாத்தாவே வர்ம ஆசான். அன்றைக்கும் அம்மா முதலில் ஆள் அனுப்பியது எங்களுக்குப் பழக்கமான ஆசானிடம்தான். அவர் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எண்ணெயைத் திறக்கவே இல்லை. “இது வர்மம் இல்ல, மூத்திரம் கட்டிக்கிடக்கு, நேரம் களையாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தண்டுவடத்தில் நீளமான வீக்கம். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்றார்கள். எதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கிற நோய் அது. மெத்தில் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டை டிரிப்பில் ஏற்றினார்கள். அது முடிந்ததும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும்படி இன்டர்ஃபெரான் ஊசி எழுதித் தருவதாகப் பேச்சு. கால் கொஞ்சம் அசைந்தது, ஆனால் இரண்டு நாளில் வலது கண் மங்கியது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆம்புலன்ஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். தக்கலை தாண்டியதும் முன்னால் வரிசையாக டாரஸ் லாரிகள். கல்குளம், விளவங்கோடு தாலுகா மலைகளை உடைத்த கல், எம்சாண்ட், எல்லாம் களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றி ஊர்ந்து போகிற வண்டி, சைரன் போட்டாலும் ஒதுங்க இடமில்லை. ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் மைனி பல்லைக் கடித்தார். எங்கள் மலையும் போச்சு, குளத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையும் போச்சு, அவசரத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் போக வழியும் இல்லை. எத்தனை போராட்டம் நடந்தாலும் நாலு நாள் நிற்கும், அஞ்சாம் நாள் மறுபடி ஓடும். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

திருவனந்தபுரத்தில் பார்த்த நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி: “இதுக்கு முன்னாடி நிக்காத விக்கல், வாந்தி ஏதும் வந்துதா?” நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வந்தது என்றதும் உடனே ரத்தம் எடுத்து ‘அக்வாபோரின் 4’ ஆன்டிபாடி பரிசோதனைக்கு அனுப்பினார். ஆன்டிபாடி என்பது எதிரியை அடையாளம் காட்ட எதிர்ப்பு மண்டலம் உண்டாக்குகிற புரதம். பாசிட்டிவ். நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. அவருக்கு எம்.எஸ். இல்லவே இல்லை.

நீங்கள் கேட்ட ஆராய்ச்சியின் பலன் இங்கேதான் இருக்கிறது. 1894-இல் யூஜீன் டெவிக் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண் நரம்பும் தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கிற இந்த நோயை விவரித்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இதைப் பெரும்பாலும் எம்.எஸ்.ஸின் ஒரு வகையாகவே வைத்திருந்தார்கள். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் தனியாக ஓர் ஆன்டிபாடி இருப்பதைக் கண்டார்கள். அடுத்த வருஷம், அந்த ஆன்டிபாடி எதைக் குறிவைக்கிறது என்றும் தெரிந்தது: அக்வாபோரின் 4. செல்லுக்குள்ளே தண்ணீர் போய்வருகிற வாசல் அது. அக்வாபோரின் என்கிற வாசல்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆஸ்மாசிஸ் நடத்தும்போது நான் அவர் பெயரைச் சொல்வதுண்டு. அது எங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் வந்து நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களின் பாதம் ரத்தக்குழாயைத் தொடுகிற இடத்தில் இந்த வாசல்கள் நிறைய உண்டு. ஆன்டிபாடி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதும் ரத்தத்தில் இருக்கிற ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள் ஓடிவந்து அந்தச் செல்லை ஓட்டை போட்டுவிடும். கோள் சொல்கிறவன் ஒருத்தன், அடிக்கிறவன் வேறொருத்தன். சரி, விக்கல் ஏன்? மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், வாந்தி உணர்வைத் தூண்டுகிற ‘ஏரியா போஸ்ட்ரிமா’ என்ற இடத்தில், ரத்தத்தில் இருப்பதை மூளைக்குள் எளிதில் விடாத தடுப்பு கிடையாது. அக்வாபோரினோ அங்கே ஏராளம். ஆன்டிபாடிக்குத் திறந்த கதவு. 2015-இல் வெளிவந்த சர்வதேச அளவுகோலில் காரணம் தெரியாத விடாத விக்கலும் வாந்தியும் இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அந்த அளவுகோல் படித்த டாக்டர் என்பதால்தான் அவர் ஸ்கேனுக்கு முன்னால் விக்கலைப் பற்றிக் கேட்டார்.

வெறும் பெயர் மாறியதா என்று கேட்பீர்கள். மருந்து மாறியது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான் பீட்டா, நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வில் நோயைக் கிளப்பிவிடக்கூடும். 2004-க்கு முன்னால் இந்த நோய் வந்திருந்தால் மைனிக்கு அந்த ஊசியைத்தான் போட்டிருப்பார்கள். நாகர்கோவில் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த ஸ்கேனை வைத்து அவர் யோசித்தார், சரியான நேரத்தில் மேலே அனுப்பியதும் அவர்தான்.

திருவனந்தபுரத்தில் மைனிக்குப் பிளாஸ்மா மாற்றினார்கள். ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆன்டிபாடி கலந்த மஞ்சள் நீரைப் பிரித்துவிட்டு, செல்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் பை நிறைவதை மைனி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். கண் பெருமளவு திரும்பியது, கால் மெதுவாக வந்தது. பிறகு ரிடக்ஸிமாப். ஆன்டிபாடி உண்டாகக் காரணமான பி செல்களை அழிக்கிற மருந்து அது. ஏற்றுவதற்கு முன்னால் ஹெப்பட்டைட்டிஸ் பி, காசநோய் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், மறைந்து கிடக்கிற கிருமி இந்த மருந்தில் தலைதூக்கும். முதல் தடவை ஏற்றும்போது தொண்டை அரித்தது. நர்ஸ் வேகத்தைக் குறைத்து அவில் என்ற அலர்ஜி ஊசி போட்டார், சரியானது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

2019-இல் காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கிற எக்குலிசுமாப், 2020-இல் இனெபிலிசுமாப், சட்ராலிசுமாப் என்று இந்த நோய்க்கென்றே மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நம்மைப் போன்ற குடும்பம் அந்த விலையைக் கனவிலும் தொட முடியாது. ரிடக்ஸிமாப்பை 2007 முதல் இந்தியக் கம்பெனியே செய்து விற்பதால்தான் எங்களுக்குக் கையைக் கடித்தாலும் கட்டுப்படியாகிறது.

எல்லா நரம்பு நோய்க்கும் இந்த மாதிரி கதவு திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதினால் பொய். அல்சைமரிலும் மூளையில் அழற்சி இருக்கிறது, மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் அதில் பங்கெடுக்கின்றன என்பதெல்லாம் உண்மை. ஆனால் சாதாரண அழற்சி மாத்திரைகளான நாப்ராக்சன், செலிகாக்சிப் கொடுத்து அல்சைமரைத் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் பெரிய சோதனை நடத்தினார்கள், தடுக்கவில்லை. எம்.எஸ்.ஸில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் நல்லது என்று எண்ணிக் கொடுத்துப் பார்த்தார்கள், தாக்குதல் கூடியது என்று 1999-இல் முடிவு வந்தது. அதே எம்.எஸ்.ஸில் 2022-இல் ஹார்வர்ட் குழு ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு அந்த நோய் வரும் ஆபத்து 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. எந்தப் புரதத்தை, எந்த நோயில், எப்போது தடுப்பது என்பது ஒவ்வொன்றாகத்தான் தெரியவருகிறது. அதனால்தான் “அழற்சியைக் குறை”, “சக்தியைக் கூட்டு” என்று ஒரே வார்த்தையில் மருந்து விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கையில் ஒரு டப்பாவோடு வந்தார்கள். அன்பில்தான் கொண்டு வந்தார்கள், அது தெரியும். ரிடக்ஸிமாப் போட்டு அடக்கி வைத்திருப்பதைக் கிளப்பிவிடுகிற பொருள் அதில் இல்லை என்று யார் சொல்வது? மும்பை டாக்டர்கள் சிலர் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஆட்டோஇம்யூன் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகிக் கிடக்கிற ஒரு பெண்ணின் உடம்பில் அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் தங்கை விஷயம். நீங்கள் இப்போது ஏதோ ஒரு வார்டு வராந்தாவில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு போனில் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண் நரம்பு அழற்சி எம்.எஸ்.ஸிலும் வரும், என்.எம்.ஓ.விலும் வரும், நரம்பின் உறையில் இருக்கிற மாக் (MOG) என்ற புரதத்தை ஆன்டிபாடி தாக்குகிற நோயிலும் வரும், ஒன்றுமே இல்லாமல் ஒரு தடவை வந்து போவதும் உண்டு. அக்வாபோரின் 4, மாக் இரண்டும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிளாஸ்மா மாற்றுவதாக இருந்தால் அதற்கு முன்னாலேயே அந்த ரத்தத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், மாற்றிய பிறகு ஆன்டிபாடி குறைந்து தெரியும். நெகட்டிவ் என்று வந்தால் ‘செல் பேஸ்டு’ முறையில் பார்த்ததா என்று கேளுங்கள், பழைய எலைசா முறையில் தவறு அதிகம். போன ஒரு வருஷத்தில் விடாத விக்கல், வாந்தி, காலில் மரப்பு ஏதாவது வந்துபோனதா என்று தங்கையிடமும் அம்மாவிடமும் விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் இருந்தால், முகம் ஊதுகிறது என்று அவளாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பெயரோடு இங்கே போடாதீர்கள். ஆன்டிபாடி முடிவு வந்ததும் அதை மட்டும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.