ஆட்டுக்கால்ல மணிக்கட்டு எங்க இருக்கு?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே பாடத்தை சுத்தி தான். பத்தாம் வகுப்பு பரிணாமம், அதுலயும் எலும்பை ஒப்பிட்டுப் பாக்குற பகுதி. அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' (வேலை வேறயா இருந்தாலும் எலும்பு அமைப்பு ஒண்ணா இருக்கற உறுப்புகள்) நடத்தும்போது மனுஷன் கை, பூனை கால், திமிங்கிலத் துடுப்பு, வௌவால் இறக்கை எல்லாத்தையும் போர்டுல வரைஞ்சு காட்டுறேன். பசங்க டெஃபனிஷன் நல்லா ஒப்பிக்கிறாங்க, ஆனா உள்ள இறங்குன மாதிரி தெரியல. எங்க ஸ்கூல்ல எலும்புக்கூடு மாடல் எதுவும் கிடையாது. என்ன செய்யலாம்?
*(அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்)*

பதில்: மாடலுக்கு அலையாதீங்க டீச்சர், கறிக்கடை போதும். கோழி இறக்கை நாலஞ்சு, அப்புறம் தோள்ல இருந்து குளம்பு வரைக்கும் துண்டு போடாம ஒரு ஆட்டு முன்னங்கால், முன்னாடியே சொல்லி வச்சா எடுத்து வைப்பாங்க. நல்லா வேக வச்சு சதையை உரிச்சுட்டு சோப்புத்தூள் தண்ணியில ஊற வச்சு கழுவி வெயில்ல போட்டா முடிஞ்சுது. பிராய்லர் மட்டும் வேணாம், அது சில வாரத்துக் குஞ்சு, எலும்பு முனையெல்லாம் இன்னும் குருத்தெலும்பா இருக்கும், கொதிக்க வச்சா கழண்டு வந்துடும். கொஞ்சம் முத்துன நாட்டுக்கோழின்னா எலும்பு முழுசா நிக்கும். சூப்பு உங்களுக்கு லாபம்.

கிளாஸ்ல எடுத்த உடனே ஹியூமரஸ், ரேடியஸ், அல்னான்னு பேரை அடுக்காதீங்க, அதெல்லாம் கடைசியில. முதல்ல பசங்க அவங்க கையையே தடவிப் பாக்கட்டும். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு எலும்பு, அங்க இருந்து மணிக்கட்டு வரைக்கும் ரெண்டு, மணிக்கட்டுல குட்டி குட்டியா ஒரு கூட்டம், அப்புறம் உள்ளங்கை, விரல். இந்த வரிசை கைக்கு பழகுனதும் ஆட்டுக்காலை டேபிள்ல வச்சு "இதுல முழங்கை எது, மணிக்கட்டு எது"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா நில்லுங்க. முக்கால்வாசி பேர் நடுவுல மடங்குற முட்டியைத் தான் முழங்கைன்னு காட்டுவாங்க. எண்ணிப் பாக்க சொல்லுங்க. அங்க குட்டி எலும்புக் கூட்டம் இருக்கு, அப்போ அது மணிக்கட்டு! முழங்கை இன்னும் மேல, நெஞ்சை ஒட்டி இருக்கு.

மணிக்கட்டுக்கு கீழ நீளமா ஒரே எலும்பு வரும். பாக்க ஒண்ணு தான், ஆனா முன்பக்கம் நடுவுல ஒரு கோடு ஓடும், கீழ் முனை ரெண்டா பிரிஞ்சு நிக்கும், குறுக்க அறுத்தா உள்ள தடுப்பு தெரியும். நம்ம உள்ளங்கையில நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போற ரெண்டு எலும்பு இருக்கே, அது ரெண்டும் ஒட்டிக்கிட்டது தான் இது. ரெண்டு குளம்பும் அந்த ரெண்டு விரலோட நகம். பின்னாடி தரையைத் தொடாம தொங்குற சின்ன ரெண்டு குளம்பு ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கட்டைவிரல் போயே போச்சு. கோழி இறக்கையிலயும் அதே ஒண்ணு, ரெண்டு, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன மூணு விரல்.

இங்க தான் டீச்சர் நீங்க ஒரு நிமிஷம் நிறுத்தணும். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, அதனால பரிணாமம்"னு தாண்டிப் போனா பசங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது, ஏன்னா ஒரே மாதிரி இருக்குறது பெரிய விஷயமே இல்ல, ஒரே வேலை செய்யற ரெண்டு பொருள் ஒரே மாதிரி தான் இருக்கும். நீந்த ஒண்ணு, பறக்க ஒண்ணு, ஓட ஒண்ணு, எழுத ஒண்ணுன்னு வேலை இவ்ளோ வேற வேறயா இருக்கும்போது எல்லாம் எதுக்கு அதே ஒண்ணு-ரெண்டு-கூட்டம்-விரல்னு போகணும்? தேவையே இல்லாத ஒத்துமை இருக்கே, அது தான் சான்று. இந்தக் கேள்வியை நீங்க கேட்டுட்டு பதிலை அவங்ககிட்ட விட்டுடுங்க.

உங்க மாவட்டத்துக்குன்னு இன்னொண்ணு இருக்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டின பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை 2022ல கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. கடல்பசுவோட துடுப்புக்குள்ளயும் அஞ்சு விரல் எலும்பு இருக்கு, கடற்கரை ஊர்ப் பசங்களுக்கு பூனையை விட இது தான் நெருக்கம். ஆனா போட்டோவோட நிறுத்திக்கோங்க. கரை ஒதுங்குன எலும்பை யாராவது எடுத்துட்டு வந்தா அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பாடம் நடத்தப் போய் கேஸ் ஆகிடும். டூர் சென்னை பக்கம் போனா எழும்பூர் மியூசியத்துல திமிங்கில எலும்புக்கூடு இருக்கு, துடுப்பு கிட்ட நின்னு விரலை எண்ண சொல்லுங்க.

கேள்வி: பறவை இறக்கையும் வௌவால் இறக்கையும் அமைப்பு ஒத்ததா, செயல் ஒத்ததா? ஸ்கூல்ல ஒண்ணு சொல்றாங்க, டியூஷன்ல வேற சொல்றாங்க.
*(பத்தாம் வகுப்பு மாணவன், ஈரோடு)*

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரி தம்பி, எதை ஒப்பிடுறேன்னு சொல்லாம விட்டதுல தான் சண்டை. முன்னங்கால்னு பாத்தா அமைப்பு ஒத்தது, ரெண்டுலயும் அதே எலும்பு வரிசை. இறக்கைன்னு பாத்தா செயல் ஒத்தது, அதாவது வேலை மட்டும் ஒண்ணு, ஏன்னா பறவைக்கும் வௌவாலுக்கும் பொதுவான மூதாதை 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு நாலுகால் பிராணி, அது பறக்கவே இல்ல. பறக்கறதை ரெண்டும் தனித்தனியா ஆரம்பிச்சுது, அதான் கட்டுமானமே வேற: வௌவால் நாலு விரலை நீட்டி நடுவுல தோலை விரிச்சுது, பறவை விரலைக் குறைச்சுட்டு இறகை நம்பிடுச்சு. பட்டாம்பூச்சி இறக்கையில எலும்பே கிடையாது, அதை இதுங்களோட சேத்தா செயல் ஒத்தது மட்டும் தான். எக்ஸாம்ல 'முன்னங்காலாக', 'இறக்கையாக'ன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிடு, யாரும் மார்க் குறைக்க முடியாது.

கேள்வி: ஒரு பொண்ணு கிளாஸ்ல கேட்டா: "பொது மூதாதைகிட்ட இருந்து வந்ததால ஒத்த உறுப்புன்னு சொல்றீங்க, அப்புறம் ஒத்த உறுப்பு இருக்குறதால பொது மூதாதை இருந்துச்சுங்கறீங்க, இது சுத்திச் சுத்தி அதே இடம் தானே சார்?" எனக்கு சட்டுன்னு பதில் வரல.
*(தனியார் பள்ளி ஆசிரியர், கோயம்புத்தூர்)*

பதில்: அந்தப் பொண்ணுக்கு ஒரு சபாஷ் சொல்லிடுங்க சார். டெஃபனிஷன்லயே மூதாதையை நுழைச்சுட்டா அவ சொல்றது நூத்துக்கு நூறு சரி, நாம முடிவை முன்னாடியே எழுதிட்டு அதை நிரூபிச்ச மாதிரி நடிக்கறோம்.

வெளிய வர வழி, கண்டுபிடிச்ச வரிசையிலயே நடத்தறது. பிரான்ஸ்ல பியர் பெலோன்கற இயற்கை ஆய்வாளர் 1555லயே மனுஷ எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு எதுக்கு எது பொருந்துதுன்னு குறிச்சு வச்சார், பரிணாமம்னு ஒரு பேச்சே அப்போ கிடையாது. அப்புறம் அதே பிரான்ஸோட விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயிண்ட்-ஹிலேர், ஒரு எலும்போட வடிவத்தைப் பாக்காத, அது எந்த எலும்போட சேருதுன்னு பாருன்னார். 1843ல ரிச்சர்ட் ஓவன்கற இங்கிலாந்து உடற்கூறியல் அறிஞர் இதுக்கு இலக்கணமே எழுதினார்: வடிவமும் வேலையும் எப்படி மாறினாலும் வேற வேற விலங்குல இருக்கற அதே உறுப்பு. இதுல மூதாதை எங்கயாவது வருதா? வரல. டார்வின் புத்தகம் வந்தது 1859ல, அதையும் ஓவன் கடுமையா எதிர்த்தார். டார்வினுக்கு எதிரணியில இருந்தவரே ஒத்துக்கிட்ட விஷயம்ங்க இது! எலும்போட இடமும் இணைப்பும் தான் அளவுகோல், அதைப் பாத்து ஒத்த உறுப்பு எதுன்னு முடிவு பண்ணியாச்சு, ஏன் ஒத்திருக்குன்னு விளக்க வந்தது தான் பொது மூதாதை. வட்டம் உடைஞ்சுடுச்சு.

இன்னும் அவ விடலைன்னா (விட மாட்டான்னு தோணுது) திமிங்கிலக் கதையை எடுங்க. 1990கள்ல டிஎன்ஏ பாத்தவங்க திமிங்கிலத்துக்கு ரொம்ப நெருங்குன சொந்தம் நீர்யானை, அதாவது திமிங்கிலமும் ஆடு மாடு பன்னி கூட்டம் தான்னு சொன்னாங்க. எலும்பு பாத்தவங்கள்ல நிறைய பேர் நம்பல. அந்தக் கூட்டத்துக்கு ஒரு முத்திரை உண்டு, பின்னங்கால் கணுக்கால்ல ரெண்டு பக்கமும் கப்பி மாதிரி பள்ளம் விழுந்த ஒரு எலும்பு. ஆட்டு பின்னங்கால் வாங்குனா உங்க கையிலயே இருக்கும். இப்போ இருக்கற திமிங்கிலத்துக்கு பின்னங்காலே இல்ல, எங்க போய் பாக்கறது? 2001ல பாகிஸ்தான்ல கிடைச்ச கால் வச்ச பழைய திமிங்கிலங்களோட புதைபடிவம் வெளியாச்சு, கணுக்கால்ல அதே கப்பி எலும்பு. காஷ்மீர்ல ரங்கா ராவ்ங்கற நம்ம நாட்டு புவியியலாளர் சேகரிச்சு வச்ச பாறைகள்ல இந்தோஹியஸ்னு ஒரு சின்ன குளம்புப் பிராணி இருந்துச்சு, அவர் காலத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல தெவிசன்கறவரோட லேப்ல அதைச் சுத்தம் பண்ணும்போது மண்டையோடு ஒண்ணு உடைஞ்சு காது எலும்பு வெளிய தெரிஞ்சுது, திமிங்கிலத்துக்கே உரிய தடிச்ச காது எலும்பு. 2007ல அறிவிச்சாங்க. டிஎன்ஏவை படிச்சவங்களும் பாறையை உடைச்சவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து எழுதல, ஆனா விடை ஒண்ணா வந்துச்சு.

கேள்வி: மனுஷன் குரங்குல இருந்து வந்தான்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு? என் பையன் கேக்கறான், எனக்கும் அதே டவுட் தான்.
*(ஒரு அம்மா, திருவள்ளூர்)*

பதில்: உங்க பையனோட பெரியப்பா பையன் இருக்கும்போது உங்க பையன் எப்படி இருக்கான்னு கேப்போமாம்மா? ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், அவ்ளோ தான். இப்போ இருக்கற சிம்பன்சியில இருந்து நாம வரல, அதுக்கும் நமக்கும் பொதுவான ஒரு கூட்டம் ஏறத்தாழ 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ரெண்டா பிரிஞ்சுது. குனிஞ்ச குரங்கு படிப்படியா நிமிர்ந்து மனுஷனா நடந்து போற அந்தப் படம் தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம், எங்கயாவது சுவத்துல பாத்தா கண்ணை மூடிக்க சொல்லுங்க.

கேள்வி: தசாவதாரத்தை உதாரணமா காட்டி பரிணாமம் நடத்தலாமா? மீன், ஆமை, பன்றி, மனிதன்னு வரிசை சரியா வருதே.
*(ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)*

பதில்: கதையா சொல்லுங்க ஐயா, தாராளமா. சான்றா வேண்டாம். அது ஒரே ஏணி, பரிணாமம் கிளை விட்டு போற மரம். ஆமைல இருந்து பன்றி வரல, ரெண்டும் வேற வேற கிளை. ஏணி மனசுல பதிஞ்சா மேல சொன்ன குரங்குக் கேள்வி தான் திரும்பி வரும்.

கேள்வி: எச்ச உறுப்புன்னா பயனில்லாத உறுப்புன்னு நடத்திட்டேன். குடல்வாலுக்கு வேலை இருக்குன்னு ஒரு மாணவன் யூடியூப் வீடியோ காட்டுறான்.
*(பட்டதாரி ஆசிரியை, திருநெல்வேலி)*

பதில்: அவன் காட்டுறது சரி தான், குடல்வால்ல நோய் எதிர்ப்புத் திசு இருக்கு. எச்ச உறுப்புக்கு 'பயனில்லாத'ங்கற அர்த்தத்தை நாமளா ஒட்ட வச்சுக்கிட்டோம். பழைய வேலை போய் சுருங்கிடுச்சு, அவ்ளோ தான் கணக்கு, புது வேலை ஏதாவது செஞ்சா செய்யட்டும். திமிங்கிலத்தோட இடுப்பெலும்புத் துண்டு கால் தாங்குற வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆச்சு, இனப்பெருக்க உறுப்போட தசைக்கு இப்பவும் பிடிமானமா இருக்கு.

கிளாஸ்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேத்து வச்சு மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குனா நிறைய பேருக்கு நடுவுல ஒரு தசைநாண் கயிறு மாதிரி எழும்பும், பால்மாரிஸ் லாங்கஸ்னு பேர். சில பேருக்கு ஒரு கையில மட்டும் இருக்கும், சில பேருக்கு ரெண்டுலயும் இருக்காது. இல்லாதவங்களுக்கு பிடி ஒண்ணும் பெருசா குறையறதில்ல, அதனால தான் டாக்டருங்க வேற இடத்துல நாண் ஒட்டணும்னா இதைத் தயங்காம எடுக்கறாங்க. "எனக்கு இல்ல, உனக்கு இருக்கா"ன்னு கிளாஸே கத்தும், பக்கத்து கிளாஸ்ல முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

நேரம் இருந்தா ஒட்டகச்சிவிங்கியையும் தொடுங்க. அவ்ளோ நீளக் கழுத்துல நமக்கு இருக்கற அதே ஏழு எலும்பு தான். குரல்வளைக்கு போற ஒரு நரம்பு மூளையில கிளம்பி, குரல்வளையை தாண்டி கீழ நெஞ்சு வரைக்கும் இறங்கி, இதயத்துகிட்ட பெரிய ரத்தக்குழாயை சுத்திட்டு திரும்ப மேல ஏறுது, நாலு மீட்டருக்கு மேல நடை. மீன்ல இதே நரம்பு செவுளுக்கு நேர்வழியா போகுது. கழுத்துன்னு ஒண்ணு வந்து நீண்டப்போ ரத்தக்குழாய் கீழ போச்சு, நரம்பு அதுல மாட்டிக்கிச்சு.

கேள்வி: சிபிஎஸ்இ பத்தாவதுல பரிணாமத்தையே எடுத்துட்டாங்களாமே, உண்மையா?
*(பெற்றோர், ஓசூர்)*

பதில்: உண்மை. என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்துல 'பரம்பரையும் பரிணாமமும்'னு இருந்தது வெறும் பரம்பரையா ஆயிடுச்சு. 2023ல 1,800 பேருக்கு மேல விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் கையெழுத்து போட்டு எதிர்த்தாங்க. பன்னிரெண்டாவது உயிரியல்ல இருக்குங்கறது பதிலே இல்ல, பத்தோட உயிரியலை விடற பிள்ளைங்க தான் அதிகம். நம்ம ஸ்டேட் போர்டு பத்தாவதுல 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'னு தனிப் பாடமே இருக்கு, அந்தப் புத்தகத்தை இணையத்துல இலவசமா எடுத்து வீட்டுலயே படிக்க வைங்க.

கேள்வி: எங்க பள்ளியில எலும்பு, கறி எதுவும் உள்ள கொண்டு வரக்கூடாது. நாங்க எப்படி நடத்தறது?
*(ஆசிரியை, சென்னை)*

பதில்: முள்ளை வச்சு நடத்துங்க. காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளி, ரோஜா, மூணுலயும் முள் குத்தும், வேலை ஒண்ணே தான். ஆனா காகிதப்பூ முள் இலை காம்பும் தண்டும் சேர்ற கக்கத்துல இருந்து தான் வரும், அது கிளை வர வேண்டிய இடம், அப்போ அந்த முள் ஒரு கிளை. எலுமிச்சை முள்ளும் அப்படித் தான். சப்பாத்திக்கள்ளியில பச்சையா தட்டையா இருக்கறது தண்டு, முள் தான் இலை. ரோஜாவுல கக்கமும் இல்ல ஒரு ஒழுங்கும் இல்ல, கண்ட இடத்துல முளைக்கும், பக்கவாட்டுல அழுத்துனா பொட்டுன்னு உதிர்ந்துடும், அது வெறும் மேல்தோல். ஜெஃப்ராய் சொன்ன 'எங்க இணையுதுன்னு பாரு' செடிக்கும் அப்படியே பொருந்துது. பெயரை மறைச்சு குச்சியை மட்டும் கையில குடுத்து எது கிளை, எது இலை, எது தோல்னு பசங்களையே பிரிக்க சொல்லுங்க, கையுறை மறந்துடாதீங்க.