பாறையில் பதிந்திருக்கும் சிவப்புக் கல் மாணிக்கமா? பெயர்த்தெடுத்துப் பட்டை தீட்டலாமா?

திருவொற்றியூர் கடற்கரையில் கொட்டியிருக்கும் பாறைகளில் கருஞ்சிவப்பாகத் தெரிவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது அநேகமாகக் கார்னெட் என்ற கருஞ்சிவப்புக் கனிமம். தயவுசெய்து பெயர்க்காதீர்கள். பாறையோடு இருந்தால்தான் அதற்கு அழகு. தவிர, அந்தக் கற்கள் கரையைக் காக்கப் போடப்பட்டவை.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கிடப்பவை குவாரிக் கருங்கற்கள். சென்னையைச் சுற்றியுள்ள சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறையிலிருந்த இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்து கார்னெட்டாகிறது. வளர்வதற்கு வெற்றிடம் கிடையாது. அதனால் அக்கம்பக்கத்துக் குவார்ட்ஸ் (வெண்ணிறச் சிலிக்காக் கனிமம்) துணுக்குகளை விழுங்கிக்கொண்டே வளரும். கல்லை நனைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: சிவப்புக்குள் வெள்ளைப் பொட்டுகளும், குறுக்கும் நெடுக்குமாக விரிசல்களும் தெரியும். பாறை மேலே வரும்போது அழுத்தம் குறைந்து விழுந்த விரிசல்கள் அவை. பட்டை தீட்ட உதவாததற்குக் காரணமும் அதுதான். பத்துக்கு அளக்கும் மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரை இருந்தும், உளி பட்டால் பாறை உடையும் முன்பே கார்னெட் நொறுங்கிவிடும்.

மாணிக்கமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, தானாக உதிர்ந்த ஒரு சிறு துணுக்கு போதும். அதைத் தெர்மோகோல் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். மிக வலுவான நியோடிமியம் காந்தத்தை, துணுக்கைத் தொடாமல் அருகே கொண்டுபோங்கள். இரும்பு மிகுந்த கார்னெட் மெல்ல நகர்ந்து வரும், மாணிக்கம் அசையாது. சாதாரணக் காந்தம் இதற்குப் பத்தாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் நகர்வதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

கடற்கரை மணலில் கருப்பும் செம்மையுமாகப் படியும் கோடுகளிலும் கார்னெட் உண்டு. குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, கார்னெட்டுக்கு 4 மடங்கை ஒட்டி. அலை லேசான மணலை அடித்துப்போக, கனமானது தங்கிவிடுகிறது. கருப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியத் தாது. அந்த மணலை அள்ளி வர வேண்டாம். தாதுமணல் எடுக்கத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது.

வீட்டில் வைக்க ஆசையென்றால், அப்பிரகம் (மைக்கா) மினுங்கும் சிஸ்ட் பாறையில் பதிந்த கார்னெட்டை வாங்குங்கள். பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு முழு வடிவம் கிடைப்பது அதில்தான்; சார்னோகைட்டில் பெரும்பாலும் ஒழுங்கற்ற உருண்டைதான். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். அசலில் அப்பிரக அடுக்குகள் படிகத்தைச் சுற்றி வளைந்து போகும். அடுக்கு நேராக வந்து முட்டி நின்று, இடுக்கில் பளபளப்பும் குமிழும் தெரிந்தால் பசை போட்டு ஒட்டியது என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் நீலமாக ஒளிரும்.

சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். ஊற வைத்தால் அப்பிரகம் உரிந்து படிகம் கழன்றுவிடும். சட்டென்று கழுவி நிழலில் உலர்த்துங்கள்.