ஹிட்லரைப் பற்றிப் படித்தால் யார் வேலை தருவார்கள்?

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். சித்தப்பா கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். பெண்ணோ, பொருளாதார நெருக்கடியில் தீவிர வலதுசாரிக் கட்சிகள் ஏன் வளர்கின்றன என்று படிக்க வேண்டும் என்கிறாள். "ஹிட்லரைப் பத்திப் படிச்சா யார் சார் வேலை குடுப்பா?" என்றார் அப்பா.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்கப்போவதாகச் சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். கூடாது சார். அந்தக் கடனை அடைக்கப்போவது சித்தப்பா இல்லை.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் பிடித்த ஆர்வமாம். ஜெர்மனியின் 1923 பணவீக்கம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று நினைத்தாளாம், கணக்கு உதைத்திருக்கிறது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீதம்தான். 1930-ல் 18.3, 1932 ஜூலையில் 37.3. இடையில் வந்தது 1929-ன் பெருமந்தம், அதாவது உலகப் பொருளாதாரச் சரிவு. அந்த நேரம் பார்த்து ஜெர்மன் அரசின் தலைவரான சான்சலர் ப்ரூனிங் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தொட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் போனது கம்யூனிஸ்டுகள் பக்கம். நாஜிகளுக்கு அள்ளிக் கொடுத்தது வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போன்ற, சிறு விவசாயிகள் நிறைந்த புராட்டஸ்டன்ட் பகுதிகள். "இருக்கிறதும் போயிடுமோன்னு பயந்தவங்க சார்" என்றாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கடனில் சிக்கிய கிரேக்கத்தைச் சொன்னேன். 2009-ல் அரை சதவீதம்கூட வாங்காத கோல்டன் டான் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி, 2012-ல் ஏறக்குறைய 7. அதேபோல் கடனில் சிக்கிய போர்ச்சுகலில் 2019 வரை தீவிர வலதுசாரிகளுக்கு நாடாளுமன்றத்தில் இடமே கிடைக்கவில்லை. ஏன்? இதற்குத் தேர்தல் முடிவையும் வேலையின்மைக் கணக்கையும் மாவட்டவாரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதாவது புள்ளியியல் வேண்டும், கொஞ்சம் கோடிங்கும் வேண்டும். (சித்தப்பாவுக்கும் பாதி திருப்தி.)

இதைக் கேளுங்கள்: அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம், கூடவே புள்ளியியல். மூன்று வருடமும் விடாமல் ஜெர்மன். சென்னையில் ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனில் சொல்லித் தருகிறார்கள். பிறகு ஜெர்மனியில் முதுகலை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்குக் கணக்கில் (மாதாமாதம் ஓரளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, நம் பணத்தில் 12 லட்சத்தை ஒட்டி வரும். அது இல்லையென்றால் உதவித்தொகை கிடைத்த பிறகு போகட்டும், வட்டிக்கு வாங்க வேண்டாம். வேலை? எந்த நாட்டுக்குக் கடன் கொடுக்கலாம், எங்கே ஆட்சி ஆட்டம் காணும் என்று கணிக்க வங்கிகளும் தரமதிப்பீட்டு நிறுவனங்களும் ஆள் வைத்திருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாக இருக்கலாம். மறைக்க மாட்டேன்.

"சீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சே சார்" என்றார் அம்மா மெதுவாக.

போனால் போகட்டும் அம்மா. சித்தப்பா சண்டைக்கு வந்தால் என் நம்பரைக் கொடுங்கள்.