மகளுக்கு வாதாபி வேண்டாம், நோட்டுஸ்வரம் போதும்

அக்கா, அட்டன் பக்கம் சங்கீத டீச்சர் கிடைக்கவில்லை, ஏழாம் ஆண்டு மகள் பாடசாலை விழாவில் கர்நாடக சங்கீதப் பாட்டுகள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றிப் பேசிப் பாடவும் வேண்டும், 'வாதாபி கணபதிம்' சங்கதிகள் (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது) வரவேயில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள். 'சக்தி ஸஹித கணபதிம்' எடுங்கள்.

அது அவருடைய நோட்டுஸ்வரம். வெள்ளைக்காரரின் பேண்ட் மெட்டுகளைக் கேட்டு சங்கராபரண ராகத்தில் சமஸ்கிருத வரிகள் போட்ட சின்னப் பாட்டுகளில் ஒன்று, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாததால் பாடசாலை ஓர்கனிலேயே பழகலாம், ஸ-வை 'சி'யில் வைத்தால் வெள்ளைக் கட்டைகளே போதும்.

பேச்சுக்கு: திருவாரூரில் பிறப்பு, காசியில் சில வருட வாசம், பாட்டுகளில் தன் அடையாளமாக வைத்த 'குருகுஹ' முத்திரை, 1835இல் எட்டயபுரத்தில் மறைவு. அப்புறம் அவருடைய இன்னொரு நோட்டுஸ்வரமான 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டு, அதில் இரண்டு வரி கட்டாயம் பாடிக் காட்டச் சொல்லுங்கள், சபையே நிமிர்ந்து உட்காரும்.