'ஏலியன்ஸ்' படத்தில் ஹிக்ஸ் வேடத்துக்கு நடிகரை மாற்றியது ஏன்?

1986-இல் வெளிவந்த 'ஏலியன்ஸ்' என்ற ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படத்தில், வேற்றுலக உயிர்களோடு போரிடும் படைவீரர்களில் ஒருவரான கார்ப்பரல் ஹிக்ஸாக முதலில் நடித்தவர் வேறொருவரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம். இங்கிலாந்தில் படப்பிடிப்பு தொடங்கியபோது அந்த வேடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் ரீமர். போதைப்பொருள் தொடர்பாகக் கைதானதால் அவர் படத்திலிருந்து விலக்கப்பட்டார். இதைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முக்கியமான நடிகர் ஒருவரை மாற்றுவது எந்த இயக்குநருக்கும் பெரும் சோதனைதான். ஜேம்ஸ் கேமரூன், 'தி டெர்மினேட்டர்' படத்தில் கைல் ரீஸாக நடித்த மைக்கேல் பீனை அவசரமாக வரவழைத்தார். வீரர்களாக நடித்த மற்றவர்கள் முன்கூட்டியே இராணுவப் பயிற்சி பெற்று, தத்தம் கவசங்களைத் தாங்களே எழுத்துகளாலும் படங்களாலும் அலங்கரித்திருந்த நிலையில், தாமதமாக வந்த பீனுக்கு அந்த வாய்ப்பு எதுவும் கிட்டவில்லை. அவர் அணிந்த கவசத்தின் மார்பில் இருக்கும் இதய வடிவம் முன்னவர் விட்டுச்சென்றது. எதிரி குறிபார்க்க வாகான இலக்குப் போல அது தோன்றுவதாகப் பீனுக்கு அதில் விருப்பமே இருக்கவில்லை.

ரீமர் நடித்த காட்சிகள் பெரும்பாலும் மீண்டும் எடுக்கப்பட்டன. ஆனாலும் வேற்றுயிர்களின் கூட்டுக்குள் வீரர்கள் நுழையும் பகுதியில், முதுகுப்புறமாகத் தெரியும் ஹிக்ஸ் அவர்தான். முகம் தெரியாததால் அந்தக் காட்சித்துண்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நெருக்கடியில் வந்தும், பதற்றமில்லாத, அதிகம் பேசாத ஒரு வீரனைப் பீன் உருவாக்கிக் காட்டியதே எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது.